முதல் கூட்டு யாருக்கு?

போன வாரம் ஜாசினிலிருந்து ஒரு வாசகி தொலைபேசியில் கேட்டார்: “மாசம் 200 வெள்ளி கூட்டுக் கட்டுறேன். மகன் பேங்க்ல வேலை செய்றான். கூட்டுல வட்டியே இல்ல, சுத்த நஷ்டம்னு திட்டுறான். நிஜமாவே நஷ்டமாங்க ஐயா?”

மகன் சொல்வது சரிதான். ஆனால் எவ்வளவு நஷ்டம் என்று அவர் கணக்குப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். நாம் போட்டுப் பார்ப்போம்.

பத்துப் பேர். ஆளுக்கு மாதம் 200 வெள்ளி. மொத்தம் 2,000. ஒவ்வொரு மாதமும் ஒருவர் எடுத்துக்கொள்கிறார். பத்தாவதாக எடுப்பவருக்குத்தான் நஷ்டம் அதிகம், ஏனென்றால் அவருடைய காசுதான் மற்றவர்களிடம் நீண்ட நாள் சுற்றியிருக்கிறது. அவர் கூட்டில் சேராமல் அதே 200 வெள்ளியை மாதாமாதம் வங்கியில் போட்டிருந்தால்? முதல் மாதக் காசு ஒன்பது மாதம் வேலை செய்திருக்கும், இரண்டாவது எட்டு மாதம், இப்படிக் குறைந்துகொண்டே போய் கடைசிக் காசு ஒரு நாளும் வேலை செய்திருக்காது. கூட்டிப் பார்த்தால் 200 வெள்ளி 45 மாதம் வேலை செய்த கணக்கு. ஆண்டுக்கு 4 விழுக்காடு வட்டி என்று தாராளமாகவே வைத்துக்கொண்டால், கிடைத்திருக்கக்கூடியது 30 வெள்ளி.

முப்பதே வெள்ளி. பெம்பானில் இரண்டு பேர் உட்கார்ந்து மீன் சாப்பாடு சாப்பிட்டால் போய்விடும் காசு. அந்த முப்பது வெள்ளிக்குப் பதிலாக அந்த அம்மாவுக்குக் கிடைப்பது, வீட்டில் வைத்தால் ஒருபோதும் சேராத 2,000 வெள்ளி. இந்த விலைக்கு இது மோசமான பேரம் இல்லை.

ஆகவே கூட்டில் பயப்பட வேண்டியது வட்டி இல்லாமையைப் பற்றி அல்ல. பயப்பட வேண்டிய இடங்கள் இரண்டு வேறு இருக்கின்றன. அதற்குள் போவதற்கு முன் கொஞ்சம் பழைய கதை.

தமிழ்நாட்டில் சீட்டு என்பதை நாம் இங்கே கூட்டு என்கிறோம். மலாய்க்கார அண்டை வீட்டாரும் கிட்டத்தட்ட நம் சொல்லையேதான் சொல்வார்கள், கொஞ்சம் குறுக்கி. அவர்கள் மொழியில் பேனுக்கும் அதே சொல் என்பது தற்செயல்தான், ஆனாலும் தலையில் ஏறினால் இறங்காத விஷயத்தில் பொருத்தமாகத்தான் இருக்கிறது. நான் ஜாசின் வட்டாரத் தோட்டங்களில் கிராணியாக இருந்த காலத்தில் சம்பள நாளன்று ஆபீஸ் வாசலில் இரண்டு வரிசை நிற்கும். ஒன்று என் மேசைக்கு வரும் வரிசை. இன்னொன்று வாசலுக்கு வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் ஓர் அக்காவுக்குப் போகும் வரிசை. அவரிடம் 80 பக்கத்துப் பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் ஒன்று இருக்கும். என் செக்ரோலைவிட அந்தப் புத்தகத்தில் தப்பு குறைவு என்று பெரிய கிராணியே சொல்வார்.

பெண்கள் சம்பள உறையைப் பிரித்த கையோடு அந்த அக்காவிடம் போய்விடுவார்கள். வீட்டுக்குப் போய் நாளைக்குக் கட்டலாம் என்று யாரும் நினைத்ததில்லை. லயத்துக்குப் போகும் வழியில் கடைக்காரர் நிற்பார், அதற்கு அடுத்தாற்போல் கள்ளுக்கடை, அதற்கும் அடுத்தாற்போல் புருஷன். உறை பிரிந்த இடத்திலேயே கட்டியதுதான் மிஞ்சியது.

இதைக் கண்டுபிடிக்க நமக்குப் பெரிய பொருளாதாரப் படிப்பு தேவைப்படவில்லை. அரசாங்கமும் அதே வழியில்தான் போனது. 1951இல் ஊழியர் சேமநிதி வந்தபோது தொழிலாளியிடமிருந்து 5 விழுக்காடு, முதலாளியிடமிருந்து 5 விழுக்காடு, கைக்கு வருவதற்கு முன்பே பிடித்துக்கொண்டார்கள். இன்று தொழிலாளியின் பங்கு 11 விழுக்காடு, 5,000 வெள்ளி வரை சம்பளம் உள்ளவருக்கு முதலாளியின் பங்கு 13 விழுக்காடு. என்னோடு வேலை பார்த்தவர்களில் முதுமைக்கென்று ஏதோ கொஞ்சம் வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் அது இந்தப் பிடித்தத்தில் சேர்ந்ததுதான்.

துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோதும் இதே சூட்சுமம்தான். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுக்கொண்டிருந்தன. துண்டானால் வேலை போகும், வேலையோடு லயத்து வீடும் போகும். தொழிலாளிகளே சேர்ந்து தோட்டத்தை வாங்க வேண்டும் என்றார். ஆனால் பங்கின் விலை 100 வெள்ளி. ஒரு மரம் சீவும் பெண்ணிடம் மொத்தமாக 100 வெள்ளியை யார் பார்த்தது? மாதம் 10 வெள்ளி கட்டு என்றார். தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கிச் சொன்னார். அப்படிச் சேர்ந்த காசில்தான் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் முதல் சொத்தானது. கூட்டுக் கட்டிப் பழகிய பெண்களுக்கு மாதம் பத்து என்பது புரிந்த மொழி. பங்கு, ஈவு, கூட்டுறவு என்பதெல்லாம் பிறகு புரிந்துகொண்டார்கள்.

இப்போது பயப்பட வேண்டிய முதல் இடத்துக்கு வருவோம். ஏலக் கூட்டு.

மேலே சொன்னது வரிசைக் கூட்டு. யார் எப்போது எடுப்பது என்று முதலிலேயே குலுக்கிப் போட்டுவிடுவார்கள். ஏலக் கூட்டில் அப்படி இல்லை. முதல் மாதம் கூட்டு நடத்துபவர் முழுசாக எடுத்துக்கொள்வார். இரண்டாம் மாதத்திலிருந்து யார் அதிகம் கழித்துக் கேட்கிறாரோ அவருக்கு. ஒருவர் 40 வெள்ளி கழித்துக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறது, கையில் காசு இல்லை, கேட்கத்தான் வேண்டும். இன்னும் எடுக்காத எட்டுப் பேரும் அந்த மாதம் 200க்குப் பதில் 160 கட்டுவார்கள். ஏற்கெனவே எடுத்துவிட்டவர் மட்டும் முழு 200. ஆக, அவர் கைக்கு வருவது 1,480 வெள்ளி. அவரோ முதல் மாதம் 200 கட்டியாகிவிட்டது. இனி எட்டு மாதம் மாதம் 200 கட்ட வேண்டும். மொத்தம் கட்டுவது 1,800.

“320 வெள்ளிதானே கூட” என்பார்கள். அந்த 320 வெள்ளியை மாத வட்டியாக மாற்றிப் பார்த்தால் ஏறக்குறைய ஐந்தரை விழுக்காடு வருகிறது. மாதத்துக்கு! 1951ஆம் ஆண்டு கடன் கொடுப்போர் சட்டப்படி உரிமம் உள்ள வட்டிக்கடைக்காரர் அடமானம் இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக்கூடாது. அடகுக்கடைக்காரர் மாதம் 2 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக்கூடாது. வட்டிக்கடைக்குப் போகக் கூச்சப்படுகிற அந்தப் பெண், அதைவிட மூன்று மடங்குக்கும் மேல் வட்டி கொடுத்துவிட்டு, கடனே வாங்கவில்லை என்ற நிம்மதியோடு வீட்டுக்குப் போகிறார். ஏனென்றால் கூட்டு எடுப்பது கடன் மாதிரித் தெரியாது. தன் காசைத் தானே எடுப்பது மாதிரித் தெரியும்.

அந்த 320 வெள்ளி எங்கே போனது? எங்கேயும் போகவில்லை. ஆளுக்கு 40 வெள்ளியாக எட்டு வீட்டுக்குப் போனது. ஏலக் கூட்டில் நல்ல லாபம் பார்த்தேன் என்று சொல்லும் அக்காமார்களை எனக்குத் தெரியும். பொய் இல்லை, கடைசி வரை காத்திருந்தால் லாபம்தான். அந்த லாபம் பக்கத்து வீட்டுக்காரியின் பள்ளிக்கூடச் செலவிலிருந்து வந்தது என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொண்டு சந்தோஷப்பட்டால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

இரண்டாவது இடம் இதைவிடப் பெரிய பள்ளம். காசு திரும்ப வராமலே போவது.

பத்தாவது ஆளாக இருப்பவர் ஒன்பது மாதத்தில் 1,800 வெள்ளி கட்டியிருப்பார். அந்தச் சமயத்தில் கூட்டு நடத்துபவர் தொலைபேசியை அணைத்துவிட்டால் போச்சு. அதுவரை எடுத்தவர்கள் தொடர்ந்து கட்டாமல் நிறுத்தினாலும் போச்சு. முப்பது வெள்ளி வட்டிக்காகச் சண்டை போடும் மகன் இந்த 1,800ஐப் பற்றித்தான் அம்மாவிடம் பேச வேண்டும்.

தோட்டத்தில் இது நடக்கவில்லையா என்றால், நடந்தது, ஆனால் அபூர்வம். காரணம் அங்கிருந்தவர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்பதல்ல. கூட்டு எடுத்துவிட்டு மறுமாதம் கட்டாதவள் அடுத்த நாள் காலை பெரட்டுக்கு வந்தாக வேண்டும். அதே பத்துப் பேரோடு நிற்க வேண்டும், அதே தண்ணீர்க் குழாயில் குடம் வைக்க வேண்டும், ஆயாக் கொட்டகையில் பிள்ளையை விட வேண்டும். ஆடித் திருவிழாவில் யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். ஓடிப் போவதென்றால் வேலையையும் வீட்டையும் விட்டுத்தான் ஓட வேண்டும். கூட்டுக்கு அடமானம் நகையும் இல்லை, நிலமும் இல்லை. லயம்தான் அடமானம்.

அந்த லயம் இப்போது எங்கே? ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. நம்மவர்கள் தாமான் வீடுகளுக்குப் போனார்கள், பிள்ளைகள் ஆயர் குரோவுக்கும் ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போனார்கள். பல தோட்டங்களில் லயத்து வீட்டில் இன்று இருப்பவர்கள் வேற்று நாட்டுத் தொழிலாளர்கள். ஆனால் கூட்டு மட்டும் நம்மோடு தாமானுக்கு வந்துவிட்டது. வந்து வாட்ஸ்அப்பில் ஏறிவிட்டது. மலாக்காப் பக்கம் ஒரு தாமானில் ஒரே பெண்மணி நான்கு கூட்டு நடத்தினார். நான்கிலும் சேர்ந்தவர்களில் பாதிப் பேர் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததே இல்லை. ஒரு கூட்டில் விழுந்த ஓட்டையை அடுத்த கூட்டின் காசால் அடைத்துக்கொண்டு போனார், ஒரு நாள் அடைக்க முடியவில்லை. அதில் 3,600 வெள்ளி விட்ட ஒரு தம்பதி எனக்குத் தெரிந்தவர்கள். போலீசில் புகார் கொடுக்கப் போகலாமா என்று கேட்டார்கள். போகலாம், போக வேண்டும் என்றேன். ஆனால் கையில் இருந்தது சில குரல் பதிவுகளும் கட்டை விரல் படங்களும்தான்.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1971ஆம் ஆண்டு கூட்டு நிதி தடைச் சட்டம் என்று ஒன்று உண்டு. நம் சொல்லே சட்டத்தின் பெயரில் ஏறியிருக்கிறது, பெருமைப்படுகிற சங்கதி இல்லை. கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்தால் 5 லட்சம் வெள்ளி வரை அபராதம், அல்லது 10 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். தடை செய்யப்பட்ட ஓர் ஏற்பாட்டில் போட்ட காசைக் கேட்டுக் கோர்ட் படியேறுவது எவ்வளவு சிரமம் என்பதைத் தெரிந்த வழக்கறிஞர் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள்.

சரி, கூட்டை விட்டுவிட்டு என்ன செய்வது? “பேங்கில் போடுங்கள்” என்று சொல்வது சுலபம். நான் அப்படிச் சொல்லும்போதெல்லாம் வரும் பதில் ஒன்றுதான். “போடலாம் சார். யார் போட வைக்கிறது?” நியாயமான கேள்வி. கூட்டு விற்பது வட்டியை அல்ல, வற்புறுத்தலை. அந்த வற்புறுத்தலை வேறெங்காவது வாங்க முடிந்தால்தான் கூட்டை விட முடியும்.

பெம்பானில் நான்கு பெண்கள் செய்யும் ஒரு காரியம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஒருவர் காலையில் நாசி லெமாக்கும் தோசையும் விற்கிறார். ஒருவர் வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார். ஒருவர் பூ கட்டுகிறார், ஒருவர் ரவிக்கை தைக்கிறார். நால்வருக்கும் முதலாளி இல்லை, அதனால் சேமநிதிப் பிடித்தமும் இல்லை. மாதம் 7ஆம் தேதி இரவு யாராவது ஒருவர் வீட்டில் கூடுகிறார்கள். அவரவர் கைத்தொலைபேசியில் அவரவர் சேமநிதிக் கணக்கில் அவரவர் காசைக் கட்டுகிறார்கள். கட்டியதை மற்ற மூவருக்கும் காட்டுகிறார்கள். அவ்வளவுதான். காசு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போவதே இல்லை, ஆகவே யாரும் யார் காசையும் எடுத்துக்கொண்டு ஓட முடியாது. கட்டாதவர் அடுத்த மாதம் எல்லாருக்கும் பலகாரம் செய்ய வேண்டும். பலகாரச் செலவுக்குப் பயந்து யாரும் கட்டுவதில்லை, மூன்று பேர் பார்க்கிறார்களே என்றுதான் கட்டுகிறார்கள். பெரட்டில் நின்றவர்களின் பேத்திகள்தானே.

அவர்கள் கட்டுவது ஐ-சாரான் திட்டத்தில். சொந்தத் தொழில் செய்யும், நிலையான மாத வருமானம் இல்லாத, 60 வயதுக்கு உட்பட்டவர்கள் சேரலாம். 2025 வரவு செலவுத் திட்டத்தில் இதற்கான அரசாங்க ஊக்கத்தொகையை 20 விழுக்காடாக உயர்த்தினார்கள். ஆண்டுக்கு 500 வெள்ளி வரை, வாழ்நாளில் மொத்தம் 5,000 வெள்ளி வரை. மாதம் 200 என்றால் ஆண்டுக்கு 2,400. அதற்கு அரசாங்கம் தருவது 480. அதற்கு மேல் ஈவு. 2024க்குச் சேமநிதி அறிவித்த ஈவு 6.30 விழுக்காடு. அதே அளவு கிடைத்தால் முதல் ஆண்டில் மாதாமாதம் கட்டியதற்குச் சுமார் 69 வெள்ளி வரும். ஈவு எல்லா ஆண்டும் ஒரே மாதிரி இருக்காது, ஆனால் வழக்கமான சேமநிதிக் கணக்குக்கு இரண்டரை விழுக்காட்டுக்குக் குறையாது என்ற உத்தரவாதம் சட்டத்தில் உண்டு. கூட்டில் நஷ்டமான 30 வெள்ளிக்காக நான் மகனோடு சேர்ந்து சண்டை போட மாட்டேன். இந்த 480ஐ விடுவதற்குச் சண்டை போடுவேன்.

இதில் ஒரு குறை இருக்கிறது, அதை மறைத்தால் இந்தப் பகுதியை இனி யாரும் நம்ப வேண்டியதில்லை. கூட்டுக் காசு தீபாவளிக்கோ ஜனவரிக்கோ கைக்கு வந்துவிடும். சேமநிதிக் காசு வராது. 2024 மே மாதத்திலிருந்து 55 வயதுக்குக் குறைந்தவர்கள் கட்டும் காசு மூன்றாகப் பிரிகிறது. 75 விழுக்காடு ஓய்வுக் கணக்குக்கு, 15 விழுக்காடு நல்வாழ்வுக் கணக்குக்கு, 10 விழுக்காடு நெகிழ்வுக் கணக்குக்கு. நினைத்தபோது எடுக்கக்கூடியது அந்தப் பத்து மட்டும். 2,400 கட்டினால் 240 வெள்ளி. பள்ளிக்கூடப் பைக்கும் காலணிக்குமே பற்றாது.

அதனால் நால்வரில் இருவர் காசைப் பிரித்துவிட்டார்கள். நூறு சேமநிதிக்கு, நூறு அமானா சஹாமில் நிலையான விலை உள்ள நிதிக்கு. அங்கே ஓர் அலகு ஒரு வெள்ளி, விற்கும்போதும் ஒரு வெள்ளி, அவசரத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். சில சமயம் அலகுகள் தீர்ந்துவிட்டன என்று பதில் வரும், அந்த மாதம் பேங்க் சிம்பானான் நேஷனல் புத்தகத்தில் போட்டுவிடுகிறார்கள். நாசி லெமாக் விற்பவர் மட்டும் ஜனவரிச் செலவுக்கு இன்னமும் கூட்டுத்தான் கட்டுகிறார், தன் கூடப் பிறந்த அக்கா தங்கைகள் மூவரோடு மட்டும், வரிசைப்படி, ஏலம் இல்லாமல். நான் ஒன்றும் சொல்லவில்லை.

ரவிக்கை தைக்கும் அக்காவுக்கு 58 வயது. 55க்குப் பிறகு கட்டுவது 60 வயது வரை எடுக்க முடியாத தனிக் கணக்கில் போய் உட்காரும், ஊக்கத்தொகையும் 60 வரைதான் என்று தெரிந்ததும் அவர் ஒரு கணக்குப் போட்டார். முழு 500 வெள்ளியும் வேண்டுமென்றால் ஆண்டுக்கு 2,500 கட்ட வேண்டும், மாதம் 200 கட்டினால் 20 வெள்ளி விட்டுப் போகிறது. மற்ற மூவரிடமும் சொல்லிவிட்டு அடுத்த 7ஆம் தேதியிலிருந்து அவர் மட்டும் 210 கட்டுகிறார்.